வதைக்கூடத்தின் முன் திருச்சபை

பாயான் லெப்பாசின் தொழிற்சாலை வரிசைகளைக் கடந்து தெற்கே பத்து மாவுங் சென்றால், கடலை நோக்கியபடி ஒரு குன்று நிற்கிறது. 1930-களில் ஆங்கிலேயர் அதைக் குடைந்து சுரங்கவழிகளும் பீரங்கி மேடைகளும் அமைத்தனர். 1941 டிசம்பரில் ஜோர்ஜ்டவுன் மீது குண்டுகள் விழுந்ததும், ஐரோப்பியரை இரவோடிரவாகக் கப்பலேற்றிவிட்டுப் பினாங்குத் தீவின் மக்களை விதியிடம் விட்டுச் சென்றனர். நாதியற்ற நகரத்தில் கார்ன்வாலிஸ் கோட்டைக் கொடிக்கம்பத்திலிருந்து ஆங்கிலேயக் கொடியை இறக்கிக் குண்டுவீச்சை நிறுத்த வழி தேடியவர் ஒரு தமிழர், பத்திரிகை ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் நுழைந்தனர். சரவணமுத்து சிறை கண்டார். பத்து மாவுங் குன்று ஜப்பானியப் படையின் வசமாயிற்று. அங்கே கைதிகள் வதைக்கப்பட்டனர், கொல்லப்பட்டனர் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். ஊர்வழக்கில் அதன் பெயர் புக்கிட் ஹந்து, பேய்க்குன்று. 2002 முதல் அது போர் அருங்காட்சியகமாக விளங்குகிறது. பகலில் பிள்ளைகளோடு பெற்றோர் வருகின்றனர். இருட்டிய பின் பேயைத் தேடி வருவோரும் உண்டு.

அந்தப் பேய்க்கதைகள் நமக்கு உவப்பானவை அல்ல. வதை செய்தவர்கள் பதவியும் ஊதியமும் மேலதிகாரியும் உடைய மனிதர்கள். அவர்களிடம் கேள்விகள் இருந்தன. விடை உடனே வேண்டும் என்பதற்குக் காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தை நேர்நின்று பார்க்காமல் கிறித்தவர் எவரும் வதையைக் கண்டிக்க முடியாது. ஏனெனில், அதே காரணத்தை நம் கோயில் முற்றங்களிலும் கேட்கிறோம். ஞாயிறு வழிபாடு முடிந்து நின்று பேசும்போது, தடுப்புக்காவலில் இறந்த ஓர் இளைஞனைப் பற்றிப் பேச்சு வந்தால், "குண்டர் கும்பல் ஆள்தானே, நாலு தட்டு தட்டாமல் உண்மை வருமா?" என்று யாரேனும் ஒருவர் சொல்கிறார். மற்றவர் மறுப்பதில்லை.

இவ்வாறு நியாயம் பேசுவோர் பேராக் மாநிலத்துப் பாப்பான் என்னும் சிற்றூரில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். ஈயம் கொழித்த நாளில் எழுந்து இன்று பெரும்பகுதி பாழ்பட்டுக் கிடக்கும் கடைத்தெரு அது. ஈப்போ மீது குண்டு விழுந்தபோது அங்கிருந்து வந்து, அத்தெருவின் 74-ஆம் எண் வீட்டில் குடியமர்ந்தார் சிபில் கார்த்திகேசு. 1899-இல் மேடானில் யூரேசியக் குடும்பமொன்றில் பிறந்த தாதி. தமிழரான மருத்துவர் கார்த்திகேசுவின் மனைவி. பக்தியில் ஆழ்ந்த கத்தோலிக்கர். கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். காட்டிலிருந்து இரவில் இறங்கிவந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு அவ்வீட்டுப் பின்கதவு திறந்தது. அவர்கள் உடலில் தைத்த குண்டுகளை அகற்றினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். மறைத்து வைத்திருந்த வானொலிக்கு ஜோசபின் என்று பெயரிட்டு, பிபிசி செய்தியைக் கேட்டு நம்பிக்கையானவர்களுக்குச் சொன்னார். வானொலி வைத்திருப்பதே உயிருக்கு உலையாகும் காலம் அது.

1943-இல் கெம்பித்தாய் எனப்பட்ட ஜப்பானிய இராணுவக் காவற்படை, முதலில் கணவரையும் வளர்ப்பு மகனையும் பின்னர் அவரையும் பிடித்துச் சென்றது. பிரம்பால் அடித்தனர். வயிறு புடைக்க நீர் புகட்டினர். காய்ச்சிய இரும்பால் சுட்டனர். எதற்கும் அவர் வாய் திறக்காதபோது, யோஷிமுரா என்னும் சார்ஜன்ட் அவருடைய இளைய மகளைக் கொண்டுவரச் செய்தான். சிறு பெண். கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டனர். கீழே நெருப்பைக் காட்டித் தாயை மிரட்டினர். போராளிகள் யார், எங்கே இருக்கின்றனர் என்று சொன்னால் குழந்தை பிழைக்கும் என்றனர். தாய் சொல்லவில்லை. வேறொரு ஜப்பானிய அதிகாரி தலையிட்டதால் குழந்தை இறக்கிவிடப்பட்டது. சிபில் பத்து காஜா சிறையில் ஆயுள் கைதியாக அடைக்கப்பட்டார். 1945-இல் விடுதலை வந்தபோது அவரால் நடக்க இயலவில்லை. சிகிச்சைக்காக இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1947-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கினார். கெம்பித்தாயின் காலணி உதைத்த தாடைப் புண் நஞ்சாகி, 1948 ஜூனில் ஸ்காட்லாந்தில் இறந்தார். மறு ஆண்டு உடல் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டு ஈப்போவில் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் அவரை வீராங்கனை என்று போற்றுகிறோம். யோஷிமுராவின் கணக்கில் அவர் பயங்கரவாதிகளின் மருத்துவச்சி. வதையை ஆதரிப்போர் வழக்கமாக முன்வைக்கும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிடிபட்டவர் அப்பாவியாக இருக்கக்கூடாது என்பார்கள். ஜப்பானியச் சட்டப்படி சிபில் குற்றவாளி. அவரிடம் மெய்யான தகவல் இருக்கவேண்டும் என்பார்கள், இருந்தது. அத்தகவல் உயிர்களைக் காக்கவேண்டும் என்பார்கள். காட்டில் இருந்தவர்கள் ஜப்பானியச் சிப்பாய்களைக் கொன்று வந்தனர். காலம் குறுகியிருக்கவேண்டும் என்பார்கள். போராளிகள் இடம் மாறிக்கொண்டேயிருந்தனர். எல்லா நிபந்தனைகளும் நிறைவேறின. அப்படியானால் யோஷிமுரா செய்தது சரியா? இல்லை என்று சொல்பவர், நிபந்தனை எதுவாயினும் அச்செயல் தீது என்பதை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். ஆம் என்று சொல்பவரிடம் நாம் வாதிடப் போவதில்லை; அவர் ஈப்போவுக்குச் சென்று அக்கல்லறையின் முன் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

சிபில் பிடிபட்ட அதே 1943-இல், செப்டம்பர் இறுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வெடித்தன. சாங்கி சிறையில் அடைபட்டிருந்த குடிமக்களே உளவு சொல்லியிருக்க வேண்டும் என்று கெம்பித்தாய் கருதியது. அக்டோபர் 10 அன்று தொடங்கிய கைதுகளில் 57 பேர் சிக்கினர். அவர்களுள் ஒருவர் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் ஆயர் லெனர்ட் வில்சன். மலாயாவும் பினாங்கும் அவர் மறைமாவட்டத்திற்கு உட்பட்டவையே. நாள்கணக்கில் கட்டிவைத்து அடித்தனர். மாதக்கணக்கில் நீடித்த அவ்விசாரணையில் 15 பேர் மாண்டனர். உண்மையில் கப்பல்களைத் தகர்த்தவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து படகில் வந்து, மடக்குத் தோணிகளில் துறைமுகத்துக்குள் புகுந்து, வேலையை முடித்துத் திரும்பிவிட்ட சிறு அதிரடிப் படையினர். சாங்கியில் இருந்த எவருக்கும் அதில் பங்கில்லை. இல்லாத விடைக்காகப் பதினைந்து உயிர்கள் போயின.

அறிந்தவர் சொல்லவில்லை, அறியாதவரிடம் சொல்ல ஏதுமில்லை. இதைக் கொண்டு, வதை பயனற்றது என்று தீர்த்துவிட்டு அமைவது எளிது. விசாரணை வல்லுநர் பலரும் அவ்வாறே கூறுகின்றனர். ஆயினும் நாம் அந்த இடத்தில் நின்றுவிட விரும்பவில்லை. சில வேளை அடிக்கு அஞ்சி உண்மையும் வெளிவரும். பயனின்மையையே ஆதாரமாகக் கொண்ட அறம், பயன் கிடைத்த அன்றே சரிந்துவிடும். கிறித்தவ அறம் வேறோர் இடத்தில் ஊன்றி நிற்கவேண்டும். யோஷிமுரா கையில் எடுத்த கருவி எது என்று எண்ணிப் பாருங்கள். கயிறும் நெருப்பும் ஒருபுறம் இருக்க, அவன் பயன்படுத்தியது ஒரு தாய் தன் மகள்மீது வைத்த அன்பு. எந்த அன்பைக் கடவுளின் சாயல் என்று திருச்சபை போதிக்கிறதோ, அதையே நெம்புகோலாக்கி அவள் மனச்சான்றைப் பெயர்க்க முயன்றான். வதை என்பது எப்போதும் இதைத்தான் செய்கிறது. ஒருவருடைய உடலையும் அச்சத்தையும் பாசத்தையும் அவருக்கே பகையாக்கி, அவரைக் கொண்டே அவரை அழிக்கிறது. கொலைகூட மனிதனை வெளியிலிருந்து தாக்குகிறது. இது உள்ளே புகுகிறது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உடல் உள வதைகளை மனித மாண்புக்கு எதிரான இழிசெயல்களின் வரிசையில் வைத்தது. 1993-இல் இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில், எச்சூழலிலும் எந்நோக்கத்திற்காகவும் நியாயமாக்க முடியாத தீமைகளுள் அதைச் சேர்த்தார். அதற்குப்பின் கத்தோலிக்கர் எவரும் விதிவிலக்கு தேடிப் பயனில்லை.

நற்செய்தியை வாசிப்போர் இயேசு கசையடி பட்டதை மறப்பதில்லை. ஆனால் திருத்தூதர் பணி நூலின் 22-ஆம் அதிகாரம் நம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. எருசலேமில் கூட்டம் கொதிக்கிறது. காரணம் புரியாத உரோமை ஆயிரவர் தலைவன், பவுலைக் கசையால் அடித்து விசாரித்து உண்மையை அறியுமாறு ஆணையிடுகிறான். தண்டனைக்காக அன்று, தகவலுக்காக. வாரால் கட்டும் வேளையில், தீர்ப்புப் பெறாத உரோமைக் குடிமகனை அடிப்பது சட்டத்துக்கு உகந்ததா என்று பவுல் வினவுகிறார். அடிக்க வந்தவர்கள் விலகிப் போகின்றனர். குடியுரிமை இல்லாதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாயான் லெப்பாசின் தொழிற்பேட்டையில் வேலைசெய்து, கடவுச்சீட்டு முதலாளியின் கையில் இருக்க, சோதனையில் பிடிபடும் நேப்பாளி, வங்காளதேசி, மியன்மார் அகதி ஆகியோரின் நிலை அதுதான். பவுலின் கேள்வியை அவர்கள் சார்பில் யாராவது கேட்க வேண்டும்.

இந்நிலையில் திருச்சபை தன் கைகளையும் விரித்துக் காட்டியாக வேண்டும். முதல் நூற்றாண்டுகளில் வதைபட்ட சபை அது. கிறித்தவன் பிறரைச் சங்கிலியிடவும் வதைக்கவும் கூடாது என்று தெர்த்துல்லியன் எழுதினார். அரசு கிறித்தவமானதும் குரல் தளர்ந்தது. புனித அகுஸ்தீன் தம் 'கடவுளின் நகரம்' நூலில், உண்மை அறியாத நீதிபதி குற்றமற்றவனையும் வதைக்க நேர்வதை மனித வாழ்வின் அவலம் என்று மனம் நொந்து எழுதுகிறார். ஆனாலும் அந்த நீதிபதியை இருக்கையிலிருந்து எழுப்பவில்லை. அப்பெருமகனின் கண்ணீரை மதிக்கிறோம். ஆயினும் அவர் அங்கே இடறினார் என்றே கருதுகிறோம். 866-இல் திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், பல்கேரியருக்கு எழுதிய மறுமொழியில், அடித்துப் பெறும் ஒப்புதலைத் தெளிவாகக் கண்டித்தார். நான்கு நூற்றாண்டுகூடக் கழியவில்லை. 1252-இல் நான்காம் இன்னொசென்ட், தப்பறைக் கொள்கையரை விசாரிக்க வதையை அனுமதித்தார். உறுப்பு முறியக்கூடாது, உயிர் போகக்கூடாது என்று வரம்பும் கட்டினார். வரம்பு கட்டிய வதை என்னும் அந்த ஏற்பாடு 2002-இல் அமெரிக்க அரசின் சட்ட ஆலோசகர்கள் எழுதிய குறிப்புகளில் மீண்டும் தலைகாட்டியது. வரம்பு தாண்டுவதற்காகவே கட்டப்பட்டது என்பதை இரண்டு காலத்துக் கைதிகளும் அறிவர்.

நம் வீட்டுக்கு மிக அருகிலும் இந்த வடு உண்டு. பினாங்கு ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறைகளாக வழிபட்டுவரும் கோயில் புனித பிரான்சிஸ் சேவியர் பெயரைத் தாங்கியது. முத்துக்குளித்துறை மக்களின் தந்தை அவர். நம் முன்னோர் பலருக்குத் திருமுழுக்கு அவர் கையால் வந்தது. அதே சேவியர் 1546-இல் போர்த்துகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவுக்கு விசாரணைமன்றம் வேண்டும் என்று கேட்டார். அவர் இறந்து எட்டாண்டுகளுக்குப் பின், 1560-இல், கோவாவில் அது நிறுவப்பட்டது. இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1812 வரை நடந்தது. அதன் கூடங்களில் வதைக் கருவிகள் இருந்தன. அருளாளரின் பெருமையை அது அழித்துவிடாது. ஆனால் மறைத்துவைக்கவும் கூடாது. மறைக்கும் சபை, காவல்துறையிடம் மறைக்காதே என்று சொல்லும் தகுதியை இழக்கிறது. 1631-இல், சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பெண்களைப் பற்றி இயேசு சபைக் குரு பிரெடரிக் ஸ்பே ஒரு நூல் எழுதினார். வதை நீடித்தால் எந்த மனிதரும் எதையும் ஒப்புக்கொள்வர் என்று அதில் வாதிட்டார். சபையைத் திருத்தியவை இப்படிப்பட்ட தனிக்குரல்களே. திருத்தந்தையின் சொந்த ஆட்சிப்பகுதியில் வதை ஒழிய 1816 ஆயிற்று.

பினாங்குத் திருச்சபை பெருமைகொள்ளத்தக்க மறுபக்கமும் இருக்கிறது. புலாவ் தீக்குஸில் இயங்கிய பொதுக் குருமடத்தில் ஆசிரியப் பணி புரிந்த பிரெஞ்சுக் குரு யாக் சஸ்தான் கொரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆயர் இம்பேர், குரு மோபான் ஆகியோருடன் பிடிபட்டு, கிறித்தவர்களின் பெயர்களையும் மறைவிடங்களையும் சொல்லும்படி அடிக்கப்பட்டு, 1839 செப்டம்பரில் தலைவெட்டுண்டு மாண்டார். 1984-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். தகவலுக்காக வதைபட்டு, தகவல் தராமல் இறந்தவர்கள் நம் பலிபீடங்களில் நிறைந்திருக்கின்றனர்.  நம் மக்கள் யார் பக்கம் நிற்கவேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய மறைக்கல்வி வேண்டியதில்லை.

ஆயினும் நிற்கவில்லை. அமெரிக்காவில் 2009 ஏப்ரலில் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பில், பயங்கரவாத ஐயத்துக்குரியோரை வதைப்பது அடிக்கடியோ சிலவேளையோ நியாயம் என்றோர் வாரந்தோறும் வழிபாட்டுக்குச் செல்வோரில் 54 விழுக்காடு; எப்போதாவது செல்வோரிலும் செல்லாதோரிலும் 42 விழுக்காடு. கோயிலுக்குச் செல்வோர் இரக்கத்தில் முந்தியிருக்க வேண்டும் என்ற நம் எண்ணத்துக்கு அது பேரிடி. மலேசியாவில் அத்தகைய கணக்கெடுப்பு நடந்தால் விடை வேறாக வரும் என்று நம்ப நமக்குத் துணிவில்லை.

தமிழருக்கு இந்த வரலாறு இரவல் அன்று. 1854-இல் சென்னை மாகாணத்தில் வரிவசூலுக்காகக் குடியானவர்கள் வதைக்கப்படுவது பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்டது. விசாரணை ஆணையம் அமைந்து, மறு ஆண்டு அறிக்கை வந்தது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெருக்கும் கிட்டி, தலையைக் காலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகியவை அவ்வறிக்கையில் விரிகின்றன. அடித்தவர்கள் ஊர்ச் சேவகர்களும் தாசில் ஆட்களும். அடியால் நிரம்பிய கருவூலம் கிறித்தவம் பேசிய கும்பினியாருடையது. தம் கை படாமல் காரியம் நடந்தால் பழி தம்மைச் சேராது என்று அவர்கள் எண்ணினர். 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 330-ஆம் பிரிவில், ஒப்புதல் பெறுவதற்காக ஒருவரை வதைக்கும் காவல் அதிகாரியையும், வரிபாக்கிக்காக வதைக்கும் வருவாய் அதிகாரியையும் எடுத்துக்காட்டுகளாகவே வைத்தது. காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்று 1872-இன் சாட்சியச் சட்டம் விதித்தது. அந்த 1860-இன் சட்டத்தின் வழித்தோன்றலே மலேசியத் தண்டனைச் சட்டம். 330-ஆம் பிரிவு இங்கும் அதே எண்ணில், அதே பொருளில் இருக்கிறது. சட்டம் இல்லாத குறை நமக்கு இல்லை.

2009 சனவரி 20 அன்று, வாகனத் திருட்டு ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்ட 22 வயது அ. குகன் சுபாங் ஜெயாவின் தைப்பான் காவல்நிலையத்தில் இறந்தார். முதல் உடற்கூறாய்வு நுரையீரலில் நீர் கோத்ததைக் காரணமாகச் சொன்னது. உடலைக் கண்ட குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாம் ஆய்வு, உடலெங்கும் காயங்களையும் சூட்டுத் தழும்புகளையும் பதிவுசெய்தது. 2013 ஜூனில் உயர்நீதிமன்றம் காவல்துறையையும் அரசையும் பொறுப்பாக்கி எட்டு லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு விதித்தது. குற்றவியல் வழக்கில் தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒரு காவலர். அடித்த கைகள் இரண்டுதானா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதே 2013 மே மாதம் கோலாலம்பூர்க் காவல் தலைமையகத்தில் என். தர்மேந்திரன் இறந்தார். அவர் காதுகளில் காகிதம் தைக்கும் கம்பி குத்தப்பட்டிருந்தது. 2021 ஏப்ரலில் பால் வணிகர் அ. கணபதி, கோம்பாக் காவல்நிலையத்தில் வைக்கப்பட்ட பின் மருத்துவமனையில் இறந்தார். இந்நாட்டு மக்களுள் இந்தியர் சுமார் 7 விழுக்காட்டினர். தடுப்புக்காவலில் மாண்டோர் பட்டியலை வாசிப்பவர், இவ்வளவு தமிழ்ப் பெயர்கள் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது.

2005-இல் அரச ஆணையம் காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கத் தன்னுரிமையுள்ள ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பல்லாண்டு இழுபறிக்குப் பின் 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த நடத்தை ஆணையம், பரிந்துரைக்கும் அதிகாரத்தோடு நின்றுவிட்டது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. 1984-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற வதை எதிர்ப்பு உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்துள்ளன. மலேசியா இணையவில்லை. இந்தியா 1997-இல் கையொப்பமிட்டதோடு சரி, உறுதிப்படுத்தவில்லை. இலங்கை 1994-இல் இணைந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிபட்ட தமிழ் இளைஞர்களை அந்த இணைவு காக்கவில்லை. ஆகவே கையொப்பம் மட்டும் போதும் என்று நாம் மயங்கவில்லை. கையொப்பமும் இல்லாதபோது, தட்டிக் கேட்பவருக்குப் பிடிமானமே இல்லை.

காவலில் மாண்டோரின் குடும்பங்களிடம் மன்னிப்பைப் போதிக்கச் செல்லும் போதகர்களுக்கு ஒரு சொல். ஆயர் வில்சன் தம்மை வதைத்தவர்களை மன்னித்தார். போருக்குப் பின் அவர்களுள் ஒருவருக்கு உறுதிப்பூசுதலும் வழங்கினார். அந்த மன்னிப்பு அவர் உடலிலிருந்து எழுந்தது; வேறெவரும் அவருக்காக வழங்கியதன்று. அது நீதியை நிறுத்தவுமில்லை. 1946-இல் சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் கெம்பித்தாயைச் சேர்ந்த 21 பேர் நிறுத்தப்பட்டு 8 பேர் மரணதண்டனை பெற்றனர். தூக்குமேடை நமக்கு உடன்பாடில்லை. ஆனால் உண்மை அவையில் உரைக்கப்பட்டது, பெயர்கள் பதிவாயின. உண்மை அவையில் உரைக்கப்படும் முன்னரே, மகனை இழந்த தாயிடம் மன்னித்துவிடு என்று சொல்வது, அவள் வாயை அடைப்பதாகும்.

2020 ஜூன் 19 மாலை தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்துவைத்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்சையும் காவலர் கொண்டுசென்றனர். கிறித்தவக் குடும்பம். இரவு முழுவதும் அடி. மறுநாள் மருத்துவச் சான்று வந்தது. நீதித்துறை நடுவரின் காவல் ஆணை வந்தது. கோவில்பட்டிக் கிளைச்சிறையின் கதவு திறந்து மூடியது. அத்தனை அலுவலர்களின் கண்களும் அவ்விருவரைக் கடந்து போயின. 22-ஆம் நாள் இரவு மகனும் 23-ஆம் நாள் காலை தந்தையும் இறந்தனர். அந்நிலையத்தில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, விசாரணைக்கு வந்த நடுவரிடம் தாம் கண்டதைச் சொன்னார்: விடிய விடிய அடித்தனர், மேசையிலும் தடிகளிலும் இரத்தம் இருந்தது. அச்சத்தோடு சொன்னார். சக காவலர்கள் வெளியே நின்றிருந்த நேரத்தில் சொன்னார். அவர் சொல் இல்லாவிடில் அவ்வழக்கு வேறு பல வழக்குகளைப் போல் நெஞ்சுவலி என்று முடிந்திருக்கும்.

ஆகவே அரசிடம் நாம் கேட்பவை புதியன அல்ல. உடன்படிக்கையில் இணைக, வதையைத் தனிக் குற்றமாக வரையறுக்க, ஆணையத்துக்குப் பல் கொடுக்க, ஒவ்வொரு காவல் மரணத்திலும் குடும்பம் தெரிவு செய்யும் மருத்துவர் உடற்கூறாய்வில் உடனிருக்க உரிமை தருக. நம் சபைகளிடம் கேட்பது இதைவிடக் கடினம். பினாங்கின் கிறித்தவ சபைகளில் காவலர்கள் இருக்கிறார்கள், சிறை அலுவலர்கள் இருக்கிறார்கள், அரசு மருத்துவமனை மருத்துவர்கள் இருக்கிறார்கள். மேலதிகாரி அடிக்கச் சொன்னால் மறுக்க வேண்டும் என்று எந்த மறையுரையிலாவது அவர்கள் கேட்டதுண்டா? உடலில் காயம் இருக்க நலம் என்று சான்றெழுதுவது பாவம் என்று ஒப்புரவு அருட்சாதனத்தில் யாராவது அவர்களுக்குச் சொன்னதுண்டா? சிறைப்பணி செய்யும் குருக்களும் பொதுநிலையினரும் தண்டனை பெற்றவர்களைப் பார்க்கின்றனர். காவல்நிலையப் பூட்டறையின் முதல் இரவில் இருப்பவரைப் பார்க்க எவரும் இல்லை. வதை நடப்பது பெரும்பாலும் அந்த முதல் இரவுகளில்தான்.

ரேவதியைப் போல் ஒருவர் நாளை இத்தீவின் காவல்நிலையமொன்றிலிருந்து நம் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டலாம். வேலை போகும், குடியிருப்பு போகும், பிள்ளைகள் பள்ளி மாறவேண்டியிருக்கும். அன்று அவருக்குத் தேவைப்படுவது இரண்டு வழக்கறிஞர்கள், சில மாதங்களுக்கு ஒரு வீடு, மாதச் செலவுக்குப் பணம், நள்ளிரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். இவற்றைப் பினாங்கு மறைமாவட்டமும் மெதடிஸ்த, ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைகளும் கூடி இந்த ஆண்டு ஜூன் 26-க்குள், வதையுண்டோருக்கான அனைத்துலக நாளுக்குள், ஏற்பாடு செய்து, எல்லாத் தமிழ் வழிபாடுகளிலும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.